தாம்பாளத்தில் ஒரு பச்சைத் துணி

என் டவுசர் பாக்கெட்டில் இருப்பதைப் பாவாயியின் பையில் தேடப்போகிறார்கள். வேட்டிக்குள்ளே, வலது தொடைமேல், எட்டாய் மடித்து வைத்திருக்கிறேன். ஓரடிக்கு ஓரடித் துணி. மடித்தால் ஒரு சோப்புக்கட்டி அளவுதான், ஆனால் இரண்டு நாளாய்ச் செங்கல்லைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கிறது. மூன்று மணி டீ குடித்தாயிற்று, டம்ளரையும் எடுத்துப் போய்விட்டார்கள். சாப்பாட்டு மேசை நாலையும் ஒன்றாய்ச் சேர்த்து நாங்கள் கட்டம் கட்டமாய்த் தைத்த பெரிய விரிப்பை மேலே போட்டிருக்கிறது. ஆறு வரிசை, வரிசைக்கு நாலு கட்டம். இந்த முதியோர் இல்லத்தில் ஊசி பிடிக்க ஒரு கையாவது மிச்சமிருக்கிற இருபத்து நாலு பேருக்கு ஆளுக்கொரு கட்டம். இருபத்து மூன்றுதான் இருக்கிறது. மூன்றாவது வரிசையில் இடமிருந்து இரண்டாவது, காலி. அந்தக் காலியில் மேசைப் பலகை தெரிகிறது, பலகையில் யாரோ சூடாய்ச் சாம்பார் கிண்ணம் வைத்த வட்டம் தெரிகிறது. அதைப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்க்கிறேன். சுவரில் ஆணி அடித்துத் தயாராய் இருக்கிறது, விரிப்பை மாட்டுவதற்கு. "நல்லுசாமி அய்யாவோட கட்டம் எங்க போச்சு? வியாழக்கிழமை காலையில நானேதான பெட்டியில வச்சேன்" என்று எஸ்தர் டீச்சர் மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராய் இருந்து ரிட்டையர் ஆனவர், வியாழனும் சனியும் எங்களிடம் வருகிறார். கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாய்ப் பார்க்கிறார். என் முகத்தையும் பார்த்தார். தாண்டிப் போய்விட்டார். எழுபத்தைந்து வயதுக் கிழவன் துணி திருடுவான் என்று அந்தம்மாவுக்கு எப்படித் தோன்றும். எல்லோருக்கும் தோன்றுவது பாவாயிதான். புத்தி தடுமாறிப்போன பொம்பளை. துணி எதைக் கண்டாலும் தொட்டில் துணி என்று மஞ்சள் பையில் போட்டுக்கொள்கிறாள். "பாவாயக்கா பையிலதான் இருக்கும், வேறெங்க போகும்" என்று தனபால் சொல்லிவிட்டார். தபால்காரராய் இருந்தவர், அடுத்தவர் சாமான் யாரிடம் இருக்கும் என்று இப்போதும் அவருக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. என் பக்கத்தில் வீல்சேரில் நல்லுசாமி உட்கார்ந்திருக்கிறான். அவனும் திறக்கவில்லை. அவனால் முடியாது, பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டது. என்னால் முடியும்.

நல்லுசாமி என் தங்கச்சி புருஷன். ஒரு காலத்தில் 'வாங்க மாப்ள, போங்க மாப்ள' என்று சொன்ன வாய்தான் இது. முப்பத்தைந்து வருஷமாய் அவன், இவன். அதுவும் மனசுக்குள்ளேதான், நேரில் ஒரு சொல் பேசினதில்லை. இங்கே வந்து ஏழு மாசம் ஆகியும் பேசினதில்லை. டீச்சருக்கு இது தெரியாது. முதல் நாளே சொன்னார், "இது தனித்தனியாத் தைக்கிற வேலை இல்லைங்கய்யா, ஜோடி ஜோடியா உட்காருங்க. ஒருத்தர் துணியைப் பிடிக்கணும், ஒருத்தர் தைக்கணும். கை நடுங்குறவங்களுக்கு நடுங்காதவங்க பிடிங்க." நல்லுசாமிக்கு ஒரு கை, எனக்கு இரண்டு கை, இரண்டு பேரும் கரூர்ப்பக்கம், அவ்வளவுதான் அந்தம்மா கணக்கு. பக்கத்தில் போட்டுவிட்டார். எழுந்து போகலாம் என்றால் வாக்கர் எட்டாத தூரத்தில் இருந்தது. ஐந்து வாரம் அவன் துணியை நான் பிடித்தேன். அவன் முகத்தைப் பார்க்காமல் துணியை மட்டும் பார்த்துப் பிடித்தேன். அவன் இடது கையால் தைப்பான். வலது கைக்காரன் இடது கையால் தைத்தால் ஊசி எங்கே இறங்கி எங்கே ஏறும் என்று அவனுக்கே தெரியாது. அடியிலிருந்து ஏறும்போது என் விரலில் ஏறும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. வேண்டுமென்றே குத்துகிறான் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் கையை வெடுக்கென்று இழுத்தேன், துணி நழுவும், தையல் கோணும். டீச்சர் வந்து "அடடா" என்பார். மறக்க முடியாத ஒரு துணியை அவரவர் கட்டத்தில் வைக்க வேண்டும், அதுதான் விஷயம். துணிக்குப் பஞ்சமில்லை, நல்லுசாமி மகள் பூங்கொடி வேலை பார்க்கிற ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து வெட்டுத்துணி மூட்டையாய் வந்தது. தனபால் காக்கி வைத்தார், மேலே ஒரு பொத்தானும் வைத்தார். பாவாயி தொட்டில். நான் பஸ் சீட்டு வைத்தேன், உட்காருகிற சீட்டு, சிவப்பு. நாற்பத்தெட்டு வருஷம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ரிவிட் அடித்தவன் வேறு என்ன வைப்பான். தனபால் எட்டிப் பார்த்து, "ஏப்பா காளியண்ணா, டிக்கெட் எடுத்தாத்தான் இதுல உக்காரலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்லுசாமியின் பாதி வாயும் சிரித்தது. அவன் கட்டத்தில் மஞ்சளாய் ஒரு வட்டம் மட்டும் தைத்துக்கொண்டிருந்தான். மூன்று வாரம் அந்த வட்டம். டீச்சர் "சூரியனாங்கய்யா? பூவாங்கய்யா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். எனக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. ஓரத்தில் விளிம்பு வைத்திருந்தான். தாம்பாளம்.

தாம்பாளம் என்றால் எனக்கு ஒன்றுதான். நான் திருப்பி எடுத்து வந்த தாம்பாளம். இந்தப் பூங்கொடிக்குத்தான் காதுகுத்து, மூன்று வயது அப்போது. இதோ பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், விரிப்பு மாட்டுகிற நாள் என்று லீவு போட்டு வந்திருக்கிறாள், அவளுக்கே தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். பிள்ளையை மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை அடிப்பது, காது குத்துவது. எங்களில் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. நான் ஒரே மாமன். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழம், எல்லாம் தாம்பாளத்தில் வைத்து எடுத்துப் போனேன். கொஞ்சம் நேரமாகிவிட்டது. பஸ் பஞ்சர். போய்ப் பார்க்கிறேன், பிள்ளை மொட்டையாய், காதில் ரத்தச் சொட்டோடு, எங்கள் பெரியப்பன் மகன் ஒருத்தன் மடியில் உட்கார்ந்து கத்துகிறது. நல்லுசாமி பக்கத்தில் நிற்கிறான். "நேரம் போச்சு மச்சான், பூசாரி அவசரப்படுத்திட்டாரு" என்றான். அரை மணி நேரம் நிறுத்தியிருக்கலாம். எனக்காக ஒரு அரை மணி நேரம். தாம்பாளத்தோடு திரும்பினேன். சின்னக்கண்ணு, என் தங்கச்சி, பின்னாலேயே ஓடி வந்தாள், "அண்ணா, அண்ணா" என்று ரோடு வரைக்கும். செருப்பில்லாமல். ரோட்டில் தார் உருகிக் கிடந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவள் காலை மாற்றி மாற்றி வைத்தது எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் எப்படித் தெரிந்தது? அப்படியென்றால் திரும்பியிருக்கிறேன். திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடந்திருக்கிறேன்.

"பாவாயம்மா, அந்தப் பையைச் சித்தக் குடுங்க" என்கிறாள் எங்களைப் பார்த்துக்கொள்கிற ஆயா. பாவாயி பையை மாரோடு அணைத்துக்கொள்கிறாள். "எம்புள்ள தூங்குது கண்ணு. எழுப்பாத." "புள்ளைய எழுப்ப மாட்டேன், துணிய மட்டும் பாத்துட்டுக் குடுத்தர்றேன்." "ஒனக்கு ஒரு தரம் சொன்னா ஆகாதா?" டீச்சர் சங்கடமாய் நிற்கிறார். "வேண்டாம் விடுங்க, வேற கட்டம் ஒண்ணு தச்சு வச்சுக்கலாம்" என்கிறார். சரி, அதுதான் நல்லது, விடுங்கள், ஒரு வெள்ளைத் துணியை வைத்து மூடுங்கள், மூடிவிட்டால் நான் இதை ராத்திரிக்குள் எப்படியாவது... எப்படியாவது என்ன? எரிப்பேனா? இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் எரித்திருப்பேன். தனபால் விடவில்லை. "அதெப்படி டீச்சர், ஒரு கையில அஞ்சு வாரமாத் தச்ச மனுசன். காணோம்னா தேட வேண்டாமா? எங்க டிபார்ட்மெண்டா இருந்தா இதுக்கு என்கொயரி வச்சிருப்பான்." நல்லுசாமியின் இடது கை வீல்சேரின் கைப்பிடியில் இருக்கிறது. விரல் மட்டும் அசைகிறது. அவன் பாவாயியைப் பார்க்கவில்லை, விரிப்பைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகவே எங்கேயோ பார்க்கிறான். தெரியுமா இவனுக்கு? தெரிந்துதான் இப்படி உட்கார்ந்திருக்கிறானா? வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்துச் சத்தமில்லாமல் போனேன். வாக்கர் சத்தம் அவன் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணை மூடியிருந்தான். மூடியிருந்தால் தூங்கினதாகுமா?

கல்யாணம் கட்டிப் போன பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச் சேலையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோய் அவள்மேல் போர்த்த வேண்டும். அது வரும்வரை பாடை காத்திருக்கும். வராமல் தூக்கினால் நாதியில்லாதவள் என்று ஊர் பேசும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பட்டறைக்கு ஆள் வந்து சொன்னான், சின்னக்கண்ணு போயிட்டாங்க என்று. 'சரி' என்றேன். கையில் இருந்த ரிவிட்டை அடித்து முடித்தேன். அதற்கு முன்னால் ஆறு மாசமாய்ப் படுத்திருக்கிறாள் என்று தெரியும். வயிற்றில் கட்டி. பார்க்க வரச்சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். அவள்தானே அனுப்பினாள், அவன் அனுப்பவில்லையே என்று இருந்துவிட்டேன். அன்றைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு ஜவுளிக்கடை வரைக்கும் போனேன். வாசலில் சேலைகளை விரித்து மாட்டியிருந்தார்கள். ஒன்று பச்சை. அவளுக்குப் பச்சை என்றால் உசுரு, வயசுக்கு வந்தபோது நான் எடுத்துக் கொடுத்த தாவணி பச்சை. கடைப்பையன் "வாங்கண்ணா, என்ன விசேஷம்?" என்றான். விசேஷம். நான் அங்கேயே நின்றேன். அவன் வந்து கூப்பிடட்டும் என்று நினைத்தேன். ஆள் விட்டால் ஆயிற்றா, பொண்டாட்டி செத்தவன் நேரில் வந்து 'வாங்க மச்சான்' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், ஓடிப்போய் விழுகிறேன். வீட்டில் பிணத்தைப் போட்டுவிட்டு எவன் வருவான்? அது அப்போது தோன்றவில்லை. பட்டறைக்குத் திரும்பிப் போய் ஒரு பஸ்ஸின் கூரையில் ஏறிச் சாயங்காலம் வரைக்கும் ரிவிட் அடித்தேன். தகரம் கொதித்தது. கோடி இல்லாமல் எப்படித் தூக்கினார்கள் என்று யாரையும் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் அந்தச் சேலை என் கண்ணுக்குள் அந்தக் கடை வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால்தான் வியாழக்கிழமை காலை அப்படி ஆகிவிட்டது. மஞ்சள் தாம்பாளத்தைத் தைத்து முடித்திருந்தான் நல்லுசாமி. நான் துணியை இழுத்துப் பிடித்திருக்கிறேன். சட்டைப் பையில் இடது கையை விட்டு ஒன்றை எடுத்தான். ஒரு சாண் பச்சைத் துணி. மஞ்சள் கரை. சாயம் வெளுத்து, மடிப்பு அடையாளத்தோடு. அதைத் தாம்பாளத்தின்மேல் வைத்தான். உள்ளங்கையால் நீவினான். நீவிவிட்டு என்னைப் பார்த்தான். ஏழு மாசத்தில் முதல் தடவை நேராய் என் கண்ணைப் பார்த்தான், தொண்டைக்குள்ளிருந்து 'ம்ச்சா' என்று ஒரு சத்தம். தாம்பாளத்தில் பச்சைச் சேலை. எனக்கு என்ன தோன்றும்? கொண்டு வராத கோடியை ஜோடித்து, சனிக்கிழமை எல்லோர் வீட்டு ஜனமும் வந்து உட்கார்ந்திருக்க, சுவரில் மாட்டப்போகிறான். இவன் கொண்டு வராதது இதுதான் என்று. அதற்கு என்னையே பிடித்துக்கொள்ளவும் வைத்திருக்கிறான் ஐந்து வாரமாய். வாயில்லாதவன் துணியில் பேசுகிறான் என்று உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பக்கம் மட்டும் தைத்தான், அதற்குள் மணி அடித்துவிட்டது, மூன்று பக்கம் பாக்கி. டீச்சர் அதை மடித்துப் பெட்டியில் வைத்தார். மத்தியானம் நான் எடுத்துக்கொண்டேன். திருடினேன். எடுத்துக்கொண்டேன் என்ன எடுத்துக்கொண்டேன்.

இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பூங்கொடி வந்தாள். அப்பனுக்குத் தயிர்சோறு ஊட்டிவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள், எப்போதும் போல. சப்போட்டாவைத் தோல் உரித்து என் கையில் வைத்துக்கொண்டே, "அப்பா கட்டத்துல என்ன வெச்சிருக்காருன்னு பாத்தீங்களா மாமா?" என்றாள். நான் மென்றேன். "நீங்க அம்மாவுக்குக் குடுத்து உட்ட கோடிங்க மாமா. போத்தறதுக்கு முன்னால முந்தானைல ஒரு சாண் கிழிச்சு எடுத்து வெச்சுக்கிட்டாரு. இத்தன வருசமா பீரோவுல இருந்துச்சு. போன வாரம் அதைக் கொண்டாரச் சொல்லிக் கையைக் கையைக் காட்டி என் உசுரை வாங்கிட்டாரு." எனக்குப் புரியவில்லை. நான் குடுத்து விட்டதா? "அன்னிக்கு உங்களுக்கு முதுகு புடிச்சுக்கிச்சாமே, எந்திரிக்க முடியாம பஸ்ஸுல குடுத்து உட்டீங்களாமே. அப்பாதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி வாங்கியாந்தாரு. பேச்சு வார்த்தை இல்லீன்னாலும் அண்ணன் செய்ய வேண்டியதைச் செஞ்சு போட்டான்னு ஊரே சொல்லுச்சு. எனக்கு அப்பத்தான் உங்க மேல இருந்த கோவமெல்லாம் போச்சு." பிணத்தை வீட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏதோ ஒரு கடையில் பச்சையாய்ப் பார்த்து எடுத்து, தாம்பாளத்தில் வைத்து, என் பேரைச் சொல்லிப் போர்த்தியிருக்கிறான். அவள் நாதியில்லாமல் போகக் கூடாது என்று. நான் நின்ற அந்த ஜவுளிக்கடையும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்தான். ஒரே நேரத்தில்கூட இருந்திருக்கலாம். அவன் உள்ளே, நான் வாசலில். போன வருஷம் நான் இடுப்பை உடைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரியில் கேட்பாரற்றுக் கிடந்தபோது இந்தப் பெண் வந்து நின்றாளே, எங்கம்மா கூடப் பிறந்தவரைத் தெருவில் விடுவேனா என்று இங்கே கொண்டுவந்து சேர்த்தாளே, எதை நம்பி வந்தாள்? நான் படுக்கிற கட்டில், தலையணை, இந்தச் சப்போட்டா, எல்லாம் அந்தச் சேலைக்கு வந்தது. இன்றைக்காவது அவளிடம் சொன்னேனா? "ஆமா கண்ணு" என்றேன். அதோடு விட்டேனா? "பச்சைன்னா அவளுக்கு உசுராச்சே, அதான்" என்றேன். என் வாயாலேயே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து அமுக்கினாள். அவள் போனதும் ஹாலுக்கு ஓடினேன், வாக்கரை வைத்துக்கொண்டு ஓடுவது எப்படி முடியும், ஊர்ந்தேன். பெட்டியில் திரும்ப வைத்துவிடலாம் என்று. டீச்சர் சீக்கிரமாய் வந்து பெட்டியைத் திறந்து மேசையில் பரப்பிக்கொண்டிருந்தார். "வாங்கய்யா, நீங்கதான் முதல் ஆளு" என்றார்.

பையை வாங்கிவிட்டார்கள். ஆயா அதை மேசைமேல் கவிழ்க்கிறாள். ஒரு கரண்டி. காய்ந்த இட்லி பாதி. துணித்துண்டுகள், ஏழெட்டு. ஒரு குழந்தைத் தொப்பி, பின்னல் விட்டுப்போனது. ஒற்றைச் செருப்பு. எல்லோர் வீட்டு ஜனமும் பார்க்கிறது. பாவாயியின் மகன் என்று ஒருத்தர் பின்னால் நிற்கிறார், செல்போனைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொள்கிறார். பாவாயி அந்தத் தொப்பியை எடுத்துத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கிறாள். பச்சை இல்லை. இருந்தால்தானே. இப்போது சொல்லலாம். இப்போது சொன்னால் எதற்கு எடுத்தாய் என்பார்கள். எதற்கு எடுத்தேன் என்று சொன்னால் கோடியைச் சொல்ல வேண்டும். கோடியைச் சொன்னால் பூங்கொடி கேட்பாள். பூங்கொடி கேட்டால் எனக்கு இருக்கிற ஒரே ஆள் போய்விடும். அதுதான் பயமா? அதுவும்தான். இல்லை, இன்னொன்று. அவன் ஒன்பது வருஷம் கட்டிக் காத்த பொய்யை உடைக்க நான் யார்? அது என் மானத்துக்காகச் சொன்ன பொய் இல்லை, அவள் மானத்துக்காகச் சொன்னது. அதை உடைத்தால் அவள் மறுபடியும் கோடியில்லாமல் கிடப்பாள். நல்ல சாக்கு. எனக்கு எப்போதும் நல்ல சாக்கு கிடைக்கும். பஸ் பஞ்சர் என்றேனே. பஞ்சர் ஒன்றும் ஆகவில்லை. பஸ் சரியான நேரத்துக்குப் போய் இறக்கிவிட்டது. கோயிலுக்கு எதிரில் டீக்கடை. தாய்மாமன் வந்தால் மேளத்தோடு வந்து எதிர்கொண்டு அழைத்துப் போவார்கள், அது முறை. மேளம் வரட்டும் என்று தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் வந்தது அங்கே யாருக்கும் தெரியாது. தெரியப்படுத்தவும் இல்லை. வந்து தேடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டு டீ குடித்தேன். கோயிலில் பிள்ளை அழுகிற சத்தம் ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது. மாமன் வராமல் குத்த மாட்டார்கள் என்று உட்கார்ந்தே இருந்தேன். முப்பத்தைந்து வருஷமாய்ப் பஞ்சர், பஞ்சர் என்று சொல்லிச் சொல்லி எனக்கே டயர் வெடித்த சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"ஜாக்கெட்டுக்குள்ள சொருகியிருக்கும் டீச்சர், முந்தா நேத்து ஒரு கைக்குட்டைய அங்கிருந்துதான் எடுத்தேன். ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி அவுத்துப் பாத்துட்டு வந்தர்றேன்." ஆயா பாவாயியின் கையைப் பிடித்துத் தூக்குகிறாள். பாவாயி எழவில்லை. ஒரு கையில் தொப்பி. "எம்புள்ள, எம்புள்ள" என்கிறாள், சத்தமாய்க்கூட இல்லை, யாரையும் எழுப்பிவிடாத குரலில். செருப்பில்லாத கால். தரையில் காலை மாற்றி மாற்றி வைக்கிறாள்.

"உடுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "அந்தம்மாளை உடுங்கறேன்" என்றேன், பட்டறையில் கத்துகிற குரல், எங்கிருந்து வந்ததோ. ஹால் திரும்பியது. வாக்கரைப் பிடித்து எழுந்தேன். எழுந்துவிட்டேன், ஆனால் டவுசர் பாக்கெட் வேட்டிக்குள் இருக்கிறது. ஒரு கையை வாக்கரில் ஊன்றிக்கொண்டு ஒரு கையால் வேட்டியைத் தொடை வரைக்கும் தூக்க வேண்டியதாயிற்று. "அடேய் காளியண்ணா! பொம்பளைங்க இருக்கற எடத்துல என்னப்பா பண்ற?" என்றார் தனபால். நாலு பேர் சிரித்தார்கள். பாக்கெட்டில் கை மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க வரவில்லை. அப்புறம் வந்தது. பச்சை முதலில் வந்தது, மஞ்சள் கரை, அப்புறம் தாம்பாளம். சிரிப்பு நின்றுவிட்டது. எஸ்தர் டீச்சர் பக்கத்தில் வந்து, "நீங்களா அய்யா?" என்றார். கோபமாய்க் கேட்டிருந்தால் தேவலை. "நானுங்க. வியாழக்கெழமை எடுத்தேனுங்க." "எதுக்குங்கய்யா?" கையிலிருந்ததை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். துணி மேசை ஓரத்தில், எனக்கும் நல்லுசாமிக்கும் நடுவில் கிடக்கிறது. பின்பெஞ்சில் பூங்கொடி எழுந்து நிற்கிறாள். அவள் முகத்தில் இன்னும் ஒன்றும் இல்லை, மாமா ஏதோ காரணமாய்த்தான் எடுத்திருப்பார் என்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "கண்ணு பூங்கொடி" என்றேன். "சொல்லுங்க மாமா." "அந்தக் கோடி... உங்கம்மாளுக்கு அந்தக் கோடியை நான்..."

நல்லுசாமியின் இடது கை குறுக்கே வந்தது. மேசை ஓரத்தில் கிடந்த துணியை அள்ளியது. அதை என் மடியில் போட்டான். போட்டு, அதன்மேல் உள்ளங்கையால் அடித்தான். இரண்டு அடி. என் தொடையில் சுளீரென்று பட்டது. 'ம்ச்சா' என்றான். வியாழக்கிழமை சொன்ன அதே சத்தம். அன்றைக்கு நான் ஏளனம் என்று எடுத்துக்கொண்டேன். அது மச்சான். அப்போதும் மச்சான்தான் சொல்லியிருக்கிறான், வாய் அவ்வளவுதான் வருகிறது. நான் மறுபடி "நான் குடுக்க..." என்று ஆரம்பித்தேன். மறுபடி அடித்தான், இந்தத் தடவை பலமாய், ஊசி இருந்த டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவன் கண் என்னைப் பார்க்கிறது, பாதி முகம் செத்துக்கிடக்கிறது, மீதிப் பாதி 'வாயை மூடு' என்கிறது. பூங்கொடி அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் மடியில் கிடக்கிற துணியைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டதா, புரிந்தும் அப்பனைப் போலவே மென்று விழுங்கிவிட்டாளா, இனி எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. "மூணு பக்கம் பாக்கி இருக்குது" என்றாள். "நீங்க புடிச்சாத்தான் மாமா அப்பா தைப்பாரு. புடிங்க."

அவ்வளவுதான். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆயா பாவாயியின் சாமான்களைப் பையில் போட்டுக்கொடுத்தாள், இட்லியையும் சேர்த்து. தனபால் "இதுக்கா இத்தன கூத்து" என்று முனகினார். டீச்சர் நூல் கோத்து நல்லுசாமியின் விரலிடுக்கில் ஊசியை வைத்தார். என் மடியில் துணி கிடக்கிறது. கனமே இல்லை. இதிலும் அவனே ஜெயித்தான். அன்றைக்கு மடியை வேறொருத்தனுக்குக் கொடுத்தான், சாவில் என் தாம்பாளத்தை அவன் எடுத்துக்கொண்டான், இன்றைக்கு, முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு நான் சொல்ல வந்த ஒரே ஒரு நிஜத்தையும் சொல்ல விடவில்லை. மன்னித்தானா என்றால் அந்த மாதிரியும் தெரியவில்லை. மன்னிக்கிறவன் இப்படி அடிப்பானா, தொடை இன்னும் எரிகிறது. அவனுக்கு ஒரு கைதான் இருக்கிறது, துணியைப் பிடிக்க ஆள் வேண்டும், அதற்குத்தான் மடியில் போட்டானோ என்னவோ. டீக்கடை பெஞ்சில் நான் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் மடியில் தாம்பாளம் இருந்தது. பிள்ளைக்கு என்று வைத்திருந்த மடி. இப்போது அதே இடத்தில் ஒரு தாம்பாளம், துணியில் வெட்டினது. மேசைமேல் விரித்து, இரண்டு கையாலும் ஓரத்தை இழுத்துப் பிடித்தேன். பச்சைத் துணியின் மடிப்பு விறைப்பாய் இருந்தது. அவள்மேல் கிடந்த சேலையின் மிச்சம். அவளைத் தொடாத மிச்சம்.

"புடிச்சிருக்கறேன் மாப்ள" என்றேன். மாப்ள என்கிற சொல் நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது, நேற்றுத்தான் கடைசியாய்ச் சொன்ன மாதிரி. "தையுங்க."

அவன் ஊசியை இறக்கினான். அடியில் போய்த் தடவித் தடவி வழி தேடி, நேராய் என் ஆள்காட்டி விரலில் ஏறியது. ஆழமாய். தவறிக் குத்தினானா, வேண்டுமென்றே குத்தினானா தெரியவில்லை. கையை எடுக்கவில்லை. எடுத்தால் தையல் கோணிப்போகும்.